குழந்தையின் ஞானஸ்நானமும் குடும்பத்தின் ஆயத்தமும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில், ஞானஸ்நான ஆயத்த வகுப்புகளை நடத்திவரும் தம்பதியர் ஆற்றிய உரை)



ஒலிபெருக்கியின் முன் ஒருவர் வாய்தான் பேசுகிறது. என்றாலும் இது எங்கள் இருவரின் பேச்சு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் பங்கில் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. படித்துப் பட்டம் பெற்றதனால் கிடைத்த வேலையன்று இது. தவறு செய்து கற்றுக்கொண்டதனால் கிடைத்த வேலை. ஆகவே எங்கள் தவற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

உபதேசியார் சொன்ன பதில்

எங்கள் மூத்த மகன் 1996-ஆம் ஆண்டு பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு நாங்கள் பலமாக ஆயத்தம் செய்தோம். பந்தற்காரருக்கு முன்பணம் கொடுத்தோம். பிரியாணிக்கு ஆடு பார்த்தோம். வெளிநாட்டிலிருந்த உறவினர் ஒருவரை ஞானத்தந்தையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டு, அவருக்கு விடுமுறை கிடைக்கும் வரை ஆறு மாதம் காத்திருந்தோம். அவர் வந்தார், சங்கிலி போட்டார், புகைப்படம் எடுத்துக்கொண்டார், போனார். அதன்பின் பையனின் நற்கருணை விழாவுக்கும் அவர் வரவில்லை, உறுதிபூசுதலுக்கும் வரவில்லை. அவர்மேல் குறையில்லை. எதற்காக அழைத்தோமோ அதை அவர் செய்துவிட்டார்.

கோவில் வாசலில் அன்றைய சாமியார் எங்களைப் பார்த்து, குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டோம். இரண்டாம் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்னால் நின்ற உபதேசியார் எங்களுக்காகப் பதில் சொன்னார். பசாசையும் அதன் கிரியைகளையும் விட்டுவிடுகிறீர்களா என்றபோதும் அவரே சொன்னார். விசுவசிக்கிறீர்களா என்றபோதும் அவரே சொன்னார். நாங்கள் உதட்டை அசைத்தோம். விருந்து நன்றாக நடந்தது.

யாரிடம் கேட்கப்படும் கேள்வி?

இதில் என்ன பெரிய தவறு என்று சிலர் எண்ணலாம். முன்காலத்தில் வழக்கம் வேறாகத்தான் இருந்தது. பழைய சடங்குமுறையில் குரு இலத்தீனில் குழந்தையை நோக்கியே கேள்வி கேட்பார்; ஞானத்தாய் தந்தையர் குழந்தையின் சார்பில் விடை சொல்வார்கள். பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் நடந்ததால், பிள்ளை பெற்றவள் பெரும்பாலும் வீட்டிலேயே படுத்திருப்பாள். உடல் தேறியபின் கோவிலுக்கு வந்து அதற்கென உள்ள தனி ஆசீரைப் பெறுவாள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், குழந்தைகளின் ஞானஸ்நானச் சடங்கு குழந்தைகளின் உண்மை நிலைக்கு ஏற்றதாகத் திருத்தப்பட வேண்டும், பெற்றோர், ஞானப் பெற்றோர் ஆகியோரின் பொறுப்பு அதில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கட்டளையிட்டது. அதன்படி 1969-இல் புதிய சடங்குமுறை வந்தது. பேச வராத குழந்தையிடம் கேள்வி கேட்பது நின்றது. இப்போது கேள்வி தாய் தகப்பனை நோக்கி வருகிறது. ஞானப் பெற்றோர் அவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய ஆசீர் அந்தச் சடங்கின் முடிவிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது.

அன்பர்களே, எங்கள் வகுப்பில் நாங்கள் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைத்தான். கேள்வி நமக்குக் கேட்கப்படுகிறது. நமக்குப் பதிலாக வேறொருவர் விடை சொல்ல முடியாது. அந்த விடை பொய்யாகாதபடி வீட்டை ஒழுங்கு செய்வதுதான் ஆயத்தம்.

ஆச்சி ஊற்றிய தண்ணீர்

1998-இல் எங்களுக்கு இரண்டாவது குழந்தை, பெண் குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது. மூச்சுவிடத் திணறியது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் கிளைக் கிராமத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்தோம்.

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேகை வைப்பவள். அவள் அழவில்லை. தாதியிடம் ஒரு தம்ளரில் காய்ச்சி ஆறிய தண்ணீர் கேட்டு வாங்கினாள். “மரியாள், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்” என்று சொல்லிக் குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றினாள். கையைத் துடைத்துவிட்டு, “இனி நீங்க அழலாம்” என்றாள். விடியுமுன் குழந்தை இறந்துபோனது.

மறுநாள் சாமியார் வந்து ஆச்சியிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்து, பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் மரியாள் என்று எழுதினார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். எங்கள் அண்ணன் வீட்டுக்கும் எங்களுக்கும் அப்போது நான்கு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வரப்புத் தகராறு. அண்ணன் வந்து மதிலோரம் நின்றார். மண் போட்டார். பேசாமல் போய்விட்டார்.

இதைச் சொல்லி உங்களை வருத்த நாங்கள் வரவில்லை. ஆச்சிக்குத் தெரிந்தது எங்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பதுதான் எங்கள் கேள்வி. இருவரும் பள்ளிக்கூடம் போனவர்கள். ஞாயிறு மறைக்கல்விக்கும் போனவர்கள். எப்படித் தெரியும் என்று ஆச்சியைக் கேட்டோம். “எங்க அம்மை சொல்லித் தந்தா” என்றாள்.

ஆகவே இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தாய் தகப்பன் கொடுக்கலாம், தாதி கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து இருக்குமானால் கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம். சாதாரணத் தண்ணீர் போதும். தண்ணீரைத் தலையில் ஊற்றும்போதே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும். இப்போதைய சடங்கு நூலின்படி “தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொன்னாலும் பொருள் ஒன்றே. பிறகு பங்குத் தந்தைக்கு அறிவித்துப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். குழந்தை பிழைத்தால் கோவிலுக்குக் கொண்டுவந்து மீதிச் சடங்குகளை நிறைவேற்ற வேண்டும். தண்ணீரை மறுபடி ஊற்றுவதில்லை.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். “நான்” என்றே சொல்ல வேண்டும். சில நாடுகளில் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து கொடுப்பதாக இருக்கட்டுமே என்று “நாங்கள்” என்று மாற்றிச் சொன்னார்கள். அது செல்லாது என்று உரோமையில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020-இல் அறிவித்தது. கிறிஸ்துவே ஞானஸ்நானம் கொடுக்கிறார். கொடுப்பவர் அவருடைய வாயாக இருக்கிறார் என்பதே காரணம். குடும்பத்தின் பங்கு பெரியது. ஆனால் வரம் குடும்பத்தினுடையது அன்று.

தண்ணீர் ஊற்ற நேரமில்லாமல் குழந்தையை இழந்த தாய்மார்களும் இங்கே இருக்கலாம். அம்மா, உங்களை யாரும் பயமுறுத்த விடாதீர்கள். திருச்சபை அந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்களின் மீட்பை நம்பி எதிர்பார்க்கக் காரணம் உண்டு என்று போதிக்கிறது.

வீடே பள்ளிக்கூடம்

ஆச்சி சொன்ன பதில் புதிதன்று. நம் கடற்கரையில் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிவரும் வழி அது. 1530-களில் முத்துக்குளித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுக்குப் போதிக்க ஆளில்லை. 1542-இல் புனித சவேரியார் வந்து அவர்களை விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சவேரியார் என்ன செய்தார்? தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் கற்பனைகளையும் தமிழாக்கினார். தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது என்று 1544-இல் எழுதியவரும் அவரே. ஆனால் ஊற்றிய தண்ணீரோடு அவர் நின்றுவிடவில்லை. விசுவாசம் வீட்டுக்குள் போனால்தான் நிற்கும் என்று கண்டுகொண்டார்.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று வத்திக்கான் சங்கம் 1964-இல் குறிப்பிட்டபோது, நம் பாட்டிமார் அதை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எப்போது தொடங்குவது?

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தொடங்குங்கள். திருச்சபைச் சட்டமும் அதையே விரும்புகிறது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் நடக்கப் பெற்றோர் கவனிக்க வேண்டும், பிறந்தவுடன், ஏன் அதற்கு முன்பே, பங்குத் தந்தையை அணுகி முறைப்படி ஆயத்தமாக வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. வெளிநாட்டு விடுமுறைக்காகவும் மண்டபத்துக்காகவும் ஆறு மாதம் காத்திருப்பதற்கு அதில் இடமில்லை.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்க வேண்டும். அந்த ஆதாரம் சிறிதும் இல்லையென்றால் தள்ளிவைக்கலாம். சாமியார் சில நாள் பொறுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தள்ளிவைப்பது மறுப்பதாகாது. ஆயத்தமாகக் கிடைத்த தவணை அது.

ஞானப் பெற்றோர் யார்?

ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பொதுவாகப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற, அந்த விசுவாசத்துக்கு ஏற்றபடி நடக்கிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாயும் தகப்பனும் ஞானப் பெற்றோர் ஆக முடியாது. வேறு சபையைச் சேர்ந்த ஞானஸ்நானம் பெற்ற உறவினர் இருந்தால், கத்தோலிக்க ஞானப் பெற்றோர் ஒருவருடன் சாட்சியாக நிற்கலாம்.

சட்டம் இவ்வளவே. எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். சங்கிலி போடக்கூடியவர் யார் என்று பார்க்காதீர்கள். நாம் இல்லாமற்போனால் இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கோவிலுக்கு அழைத்துவருகிறவர் யார் என்று பாருங்கள். அவர் கூலிவேலை செய்பவராக இருக்கலாம். அடுத்த தெருவில் இருக்கலாம். அடுத்த தெரு நல்லது.

என்ன பெயர்?

கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. நமக்குப் பெயருக்கா பஞ்சம்? யோவானை அருளப்பன் என்றும், பேதுருவை இராயப்பன் என்றும், பவுலைச் சின்னப்பன் என்றும், யோசேப்பைச் சூசை என்றும் நம் முன்னோர் தமிழாக்கினார்கள். ஆரோக்கியம், அமலோற்பவம், சவரிமுத்து என்று வைத்தார்கள். நீலகண்ட பிள்ளை 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது, லாசர் என்னும் பெயரின் பொருளை எடுத்துத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அவருக்கு 2022 மே 15-இல் உரோமையில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அந்தத் தமிழ்ப் பெயர் உலகத் திருச்சபையின் செபத்தில் ஏறியது. வாயில் நுழையாத பெயரைத் தேடி அலையும் இளம் பெற்றோரே, வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். இட்ட பெயரின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியதாக அந்தப் பெயர் இருக்கட்டும்.

ஏழு மாலைகள்

1998-க்குப் பிறகு எங்கள் பங்குச் சாமியார் எங்களை விடவில்லை. 2001-இல் மூன்றாவது குழந்தை பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்கு முந்திய ஏழு மாலைகளில் குடும்ப செபத்தோடு என்ன செய்வது என்று அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். இன்றும் வகுப்பில் அதையே நாங்கள் கொடுக்கிறோம்.

முதல் மாலை, பெயர். அதன் பொருளையும் அந்தப் புனிதரின் வாழ்வையும் வீட்டார் அனைவருக்கும் சொல்லுதல். இரண்டாம் மாலை, சிலுவை அடையாளம். கோவில் வாசலில் குருவுக்குப் பின் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைகிறார்கள். அன்று முதல் தினமும் இரவில் வரையப் பழகுதல். மூன்றாம் மாலை, இறைவார்த்தை. யோவான் நற்செய்தியில் நிக்கொதேமு இரவில் வந்த பகுதியை வாசித்தல். நான்காம் மாலை, விட்டுவிடுதல். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஐந்தாம் மாலை, தண்ணீர். வீட்டில் உள்ளவர்கள் தங்கள் தங்கள் ஞானஸ்நானத் தேதியைத் தேடிக் கண்டுபிடித்தல். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் தம்மைக் காண வந்த மக்களிடம், உங்களில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும் என்று கேட்டு, தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய்த் தேடும்படி சொன்னார். ஆறாம் மாலை, எண்ணெயும் உடையும் ஒளியும். கிறிஸ்மா தைலம் உச்சந்தலையில் ஏன் பூசப்படுகிறது, வெண்ணிற ஆடை ஏன், பாஸ்காத் திரியிலிருந்து ஏன் மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது என்று மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லி, ஆடையை மடித்து எடுத்துவைத்தல். ஐந்து வயது மூத்தவன்தான் அந்த ஆடையைக் கோவிலுக்குச் சுமந்து வந்தான். ஏழாம் மாலை, விசுவாசப் பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுதல். அதற்கு முன் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பாவசங்கீர்த்தனம் செய்திருத்தல்.

நான்காம் மாலைக்கு வருவோம். தாளில் அதற்கு நேராக ஒரே வரி இருந்தது: எதை விட்டுவிடப் போகிறீர்கள், பெயர் சொல்லி எழுதுங்கள். சிலர் வீட்டில் அது குடியாக இருக்கும். சிலர் வீட்டில் தகடும் மந்திரித்த கயிறும் இருக்கும். எங்கள் வீட்டில் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது அண்ணன் வீட்டுப் பகை. எழுதாமல் தாளை மடித்துவைக்கப் பார்த்தோம். கோவிலில் நின்று “விட்டுவிடுகிறோம்” என்று சொல்ல வேண்டுமே. இம்முறை உபதேசியார் சொல்லமாட்டாரே என்ற எண்ணம் விடவில்லை.

இரவு எட்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றோம். மதினிதான் கதவைத் திறந்தார்கள். ஒரு வார்த்தையும் கேட்காமல் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பின்னாலேயே நாங்களும் போனோம். வரப்பைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் அளந்தபோது இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கல் நட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்கு ஞானத்தாயாக நின்றது மதினி. எங்களுக்குக் கேள்வி வந்தபோது நாங்களே விடை சொன்னோம். பின்வரிசையில் அண்ணனின் குரலும் கேட்டது.

விருந்து வீட்டிலேயே நடந்தது. சோறு, பருப்பு, அவியல், பாயசம். கடன் இல்லை.

அதன் பிறகு

ஞானஸ்நானத்தோடு ஆயத்தம் முடிவதில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அதே மெழுகுவர்த்தியை ஏற்றிச் செபியுங்கள். ஞானப் பெற்றோரை அன்று வீட்டுக்கு அழையுங்கள். சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓரமாக இடம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் பின்னால் அதில் குறிக்கப்படும். நம் பிள்ளையின் வாழ்வு அந்த ஓரத்தில் எழுதப்படுவதற்காகக் காத்திருக்கிறது.

பொன்விழாவுக்காகப் பழைய புத்தகங்களை வெயிலில் உலர்த்தி அட்டை போட்டபோது நாங்களும் உதவினோம். எங்கள் மூத்தவனின் பெயரைப் பார்த்தோம். மகளின் பெயரைப் பார்த்தோம். அவர்களுக்கு இடையே மரியாள் என்ற பெயரையும் பார்த்தோம். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் சாமியாரின் பெயர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சியின் பெயர் இருக்கிறது.

அன்பான பங்கு மக்களே, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் தொட்டிக்கு வரப்போகும் குழந்தைகளின் தாய் தகப்பன்மார் இன்று நம் நடுவே சிறுவர் சிறுமிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆச்சிக்கு அவள் அம்மை சொல்லித் தந்ததுபோல் அவர்களுக்கு நாம் சொல்லித் தருவோம். இன்று இரவே வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, அவசர வேளையில் எப்படிச் செய்வது என்று காட்டுங்கள். கேள்வி கேட்கப்படும் நாளில் நாமும் நம் பிள்ளைகளும் சொந்த வாயால், முழு மனத்தோடு விடை சொல்லும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. புனித சவேரியாரும் புனித தேவசகாயமும் நம் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வார்களாக.

 இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க!